அடைக்கலம் அளித்தவரின் கடமை

தன்னை எதிர்த்து எழுதியவனையும் பேசியவனையும் ஓர் அரசாங்கம் தன் எல்லைக்குள்ளேயே சிறையிலடைப்பது கொடுமைதான் என்றாலும், அது அந்த அரசாங்கத்துக்கும் அதன் பிரஜைக்கும் இடையே நிகழும் கொடுமை. அவன் எப்படியோ தப்பிச் சென்று, வேறொரு தேசத்தில் அபயம் புகுந்து, அத்தேசத்தின் சட்டத்தை நம்பி வாழத் தொடங்கிய பிறகும் ரகசியமாக ஆளனுப்பி அவனை மயக்கியோ கட்டியோ தூக்கிக்கொண்டு வருமானால், அச்செயலால் காயப்படுவோர் இருவராகிவிடுகின்றனர். கடத்தப்பட்ட மனிதன் ஒருவன். எவருடைய மண்ணிலிருந்து அவன் கடத்தப்பட்டானோ அந்த ராஜ்யம் மற்றொன்று. ராஜ்யம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளப் பல வழிகள் உண்டு: ஆட்சேபக் கடிதம் அனுப்பலாம், தூதரக அதிகாரிகளை வெளியேற்றலாம், எதிர்த்தரப்பு மன்னிப்புக் கேட்டால் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளலாம். மனிதனுக்கோ ஒரே வழிதான் உண்டு. அவன் திரும்பி வர வேண்டும். கடந்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் நிகழ்ந்த இத்தகைய சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, தங்கள் கௌரவத்துக்கு நேர்ந்த பங்கம் சரிசெய்யப்பட்டதும் விவகாரமே முடிந்துவிட்டதாக அரசாங்கங்கள் பெரும்பாலும் எண்ணியிருக்கின்றன என்பதும், அவ்வாறு எண்ணாமல் மனிதனைக் கேட்டு நின்ற சில சந்தர்ப்பங்களில் அவன் உயிரோடு மீண்டிருக்கிறான் என்பதும் தெளிவாகப் புலப்படுகின்றன.

மிகப் பழைய உதாரணங்களுள் ஒன்று லண்டனில் நிகழ்ந்தது. சீனப் புரட்சித் தலைவர் ஸுன் யாட்-ஸென் 1896 அக்டோபர் 11-ஆம் தேதி போர்ட்லண்ட் பிளேஸ் தெருவிலிருந்த சீனத் தூதராலயத்துக்குள் அடைக்கப்பட்டார். கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்புவதற்கும், அங்கே சிரச்சேதம் செய்வதற்கும் அவர் அந்த அறையில் காத்திருக்க வைக்கப்பட்டார் என்று சொன்னால் மிகையாகாது. தூதராலயத்து ஆங்கில வேலைக்காரர் ஒருவர் மனமிரங்கி எடுத்துச் சென்ற சீட்டு, ஹாங்காங்கில் அவருக்கு வைத்தியம் கற்பித்த ஆசிரியர் ஜேம்ஸ் கான்ட்லியின் கைக்குக் கிடைத்தது. கான்ட்லி போலீஸாரிடம் ஓடினார், வெளிநாட்டு இலாகாவின் கதவைத் தட்டினார், பத்திரிகைக்கும் செய்தி எட்டிற்று. ஆட்கொணர்வு மனுவை நீதிபதி ஏற்கவில்லை. ஆனால், பிரதம மந்திரிப் பதவியையும் வெளிநாட்டு மந்திரிப் பதவியையும் ஒருங்கே வகித்த ஸாலிஸ்பரி பிரபு, நீதிமன்றம் தயங்கிய இடத்தில் அரசாங்கம் தயங்கவேண்டியதில்லை எனக் கொண்டார். தூதராலயம் கண்காணிக்கப்பட்டது, விடுதலை கோரும் கடிதம் சென்றது, அக்டோபர் 23-ஆம் தேதி ஸுன் வெளியே வந்தார். பன்னிரண்டு நாட்களில் முடிந்த இவ்விவகாரத்தில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மனிதன் கப்பலேறுவதற்குமுன் அரசாங்கம் விழித்துக்கொண்டது; ஏறியிருந்தால், கடிதப் போக்குவரத்தின் நடை எவ்வளவு கம்பீரமாக இருந்தும் பயனிராது.

எல்லையைத் தாண்டிவிட்ட பிறகும் மனிதனை மீட்கலாம் என்பதற்கு ஸ்விட்ஸர்லாந்து சாட்சி. பெர்ட்டோல்ட் யாக்கோப் 1898-இல் பெர்லினில் பிறந்தவர். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்து, போரைக் கண்டதாலேயே சமாதானவாதியாக மாறியவர். வெர்ஸேல்ஸ் உடன்படிக்கைக்கு விரோதமாக ஜெர்மன் சேனை ரகசியத்தில் பலம் பெருக்கி வந்ததைப் பத்திரிகைகளில் அம்பலப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட அவர், ஹிட்லர் வருவதற்கு முன்பே, 1928-இல், தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். 1932-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். நாஜி அரசாங்கம் 1933 ஆகஸ்டில் 33 பேருடைய பிரஜா உரிமையைப் பறித்து வெளியிட்ட முதற் பட்டியலிலேயே அவருடைய பெயர் இருந்தது. பிரஜையல்லவென்று தானே தள்ளிவிட்ட மனிதனை அந்த அரசாங்கம் இரண்டாண்டுகளுக்குள் திருட்டுத்தனமாக அழைத்துக்கொள்ள முற்பட்டது. நாடு கடந்த பத்திரிகையாளராகவே லண்டனில் உலவிக்கொண்டு உள்ளுக்குள் ரகசியப் போலீஸுக்கு ஊழியம் செய்துவந்த ஹான்ஸ் வேஸமான் என்பவர், கடவுச்சீட்டு வாங்கித் தருவதாக ஆசைகாட்டி யாக்கோப்பைப் பாஸல் நகரத்துக்கு வரவழைத்தார். 1935 மார்ச் 9-ஆம் தேதி உணவு விடுதியொன்றில் விருந்தும் மதுவும் முடிந்த பிறகு யாக்கோப் ஏறிய கார் அவரை ஜெர்மனிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அப்போது ஸ்விட்ஸர்லாந்தின் ஜனத்தொகை சுமார் 40 லட்சம். அண்டை நாடோ மீண்டும் ஆயுதம் தரித்துக்கொண்டிருந்த பெரும் வல்லரசு. வெளிநாட்டு விவகாரங்களைக் கவனித்த ஜியுஸெப்பே மோட்டா என்பவரை யாரும் புரட்சிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. எச்சரிக்கையே சுபாவமாக வாய்த்த பழமைவாதி அவர். இருந்தும் அவ்வரசாங்கம் செய்த காரியங்களை வரிசையாக நோக்கும்போது அவற்றின் திட்பம் வியப்பளிக்கிறது. முதலில், போலீஸார் வேஸமானைச் சில நாட்களுக்குள்ளேயே அஸ்கோனாவில் கைது செய்தனர். இதனால் சந்தேகம் சாட்சியமாயிற்று. அடுத்து, யாக்கோப் ஜெர்மன் மண்ணில்தான் பிடிபட்டார், அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று பெர்லின் மறுத்தபோது, அம்மறுப்பை ஏற்று ஒதுங்காமலும், வருத்தந் தெரிவித்தால் போதுமென்று இறங்காமலும், ஆளைத் திருப்பி அனுப்புங்கள் என்ற ஒரே கோரிக்கையில் ஸ்விஸ் தலைநகரான பெர்ன் நின்றது. மூன்றாவதாக, இரு தேசங்களுக்குமிடையே 1921-இல் ஏற்பட்டிருந்த மத்தியஸ்த உடன்படிக்கையை எடுத்துக் காட்டி, விவகாரத்தை நடுவர் மன்றத்தின் முன் வைக்கப் போவதாக அறிவித்தது. சாட்சிகள் பகிரங்கமாக விசாரிக்கப்பட்டால் எவையெல்லாம் வெளிவரும் என்பதை எண்ணிப் பார்த்த ஜெர்மனி, மன்றம் கூடுவதற்கு முன்பே, 1935 செப்டம்பர் 17-ஆம் தேதி யாக்கோப்பை எல்லையில் ஒப்படைத்தது. வேஸமான் மறு ஆண்டு பாஸல் நீதிமன்றத்தில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். இவை ஒருபுறமிருக்க, அந்நிய அரசாங்கத்துக்காக ஸ்விஸ் மண்ணில் உத்தியோக காரியம் செய்வதையும் ஆட்களைக் கடத்துவதையும் தனிக் குற்றமாக்கும் சட்டத்தை 1935 ஜூனிலேயே இயற்றி, அதனை அமல்படுத்த மத்தியப் போலீஸையும் அமைத்தனர். அதன் சாரம் இன்றும் அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது.

ஹிட்லர் பிறர் மண்ணிலிருந்து பிடித்த எதிரியைத் திருப்பிக் கொடுத்தார் என்ற செய்தி பலருக்கு நம்புதற்கரியதாக இருக்கும். தார்மிக பலம் வென்றது என்று இதற்கு எளிதாக விளக்கஞ் சொல்லிவிடலாம். ஆனால் உண்மை அதைவிடச் சாதாரணமானது. யாக்கோப்பைச் சிறையில் வைத்துக்கொள்வதால் வரும் லாபத்தைவிட, விசாரணை நடப்பதால் வரும் நஷ்டம் பெரிதாக இருக்கும்படி ஸ்விஸ் அரசாங்கம் செய்துவிட்டது. கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருந்ததால் எதிர்த்தரப்புக்குப் பேரம் பேச இடமில்லாமற் போயிற்று.

மத்தியஸ்தமென்ற உபாயம் மட்டும் தானாக எவரையும் மீட்டுவிடாது என்பதற்கு நம் நாட்டவர் ஒருவருடைய வழக்கே சான்று. லண்டனிலிருந்து விசாரணைக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வி. தா. ஸாவர்க்கர், 1910 ஜூலை 8-ஆம் தேதி மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் கப்பலினின்று குதித்து நீந்திப் பிரெஞ்சு மண்ணை மிதித்தார்; கரையிலிருந்த பிரெஞ்சுப் போலீஸ்காரர் அவரைப் பிடித்துக் கப்பலிடமே ஒப்படைத்துவிட்டார். ஹேக் நகரத்து நிரந்தர மத்தியஸ்த மன்றம் 1911 பிப்ரவரி 24-ஆம் தேதி அளித்த தீர்ப்பு, ஒப்படைத்ததில் முறைகேடு உண்டென்று ஒப்புக்கொண்டும், அதற்காகப் பிரிட்டன் அவரைத் திருப்பித் தர வேண்டிய கடமை இல்லை என்று முடித்தது. அங்கே பிடித்துக் கொடுத்தவர் பிரெஞ்சு அதிகாரியே என்பது மன்றத்துக்குக் கிடைத்த பிடி. அதே பிரெஞ்சுக் கொடியின்கீழ்ப் புதுச்சேரியில் பாரதியாரும், லண்டனில் ஸாவர்க்கருக்குத் தோழராயிருந்த வ. வே. சு. ஐயரும் ஆண்டுக்கணக்கில் அடைக்கலமாக வாழ்ந்தனர் என்பதைத் தமிழர் நன்கறிவர். ஆகவே அபயம் என்பது கொடியை மட்டும் பொறுத்ததன்று. துறைமுகத்தில் நிற்கும் கீழ்நிலை அதிகாரிக்கு என்ன கட்டளை இடப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது.

யாக்கோப்பின் கதை 1935-இல் முடிந்திருந்தால் ஸ்விஸ் அரசாங்கத்தைக் குறையின்றிப் புகழ்ந்துவிடலாம். மீட்டுக்கொண்ட மனிதரை அவர்கள் தங்கள் நாட்டில் வைத்துக்கொள்ளவில்லை, பிரான்ஸுக்கு அனுப்பிவிட்டனர். பிரான்ஸ் வீழ்ந்த பிறகு அவர் ஸ்பெயின் வழியாக லிஸ்பனை அடைந்தார். அங்கே 1941 செப்டம்பரில் ஜெர்மன் ஒற்றர்கள் அவரை மீண்டும் பிடித்துச் சென்றனர். இம்முறை அவருக்காக நடுவர் மன்றத்துக்குப் போகத் துணிந்த ராஜ்யம் எதுவுமில்லை. 1944 பிப்ரவரியில் பெர்லினில் அவர் இறந்தார். ராஜ்யத்துக்கு நேர்ந்த அவமதிப்புக்குப் பரிகாரம் கிடைத்ததும் மனிதரைப் பற்றிய அக்கறையும் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். ஆனால் வேறெவ்விதம் சொல்வது?

யாக்கோப் எதற்காகப் பாஸலுக்கு வந்தார் என்பதை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கடவுச்சீட்டு. போல்ஷிவிக் புரட்சிக்குப் பின் சிதறிய ரஷ்ய அகதிகளுக்காக 1922 முதல் சர்வதேச சங்கம் வழங்கிவந்த நான்ஸன் சீட்டு, ஹிட்லரிடமிருந்து ஓடிவந்த ஜெர்மானியருக்கு 1935-இல் கிடையாது. அவர்களுக்கெனப் பயணப் பத்திரம் வகுத்த ஏற்பாடு 1936 ஜூலையில்தான் பிறந்தது. நாடற்றவனாக்கப்பட்ட மனிதன் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் பத்திரங்களை நம்பியே வாழ வேண்டியிருக்கிறது. அப்பத்திரங்களை வழங்கும் அதிகாரமோ அவனைத் துரத்தும் அரசாங்கத்திடமே இருக்கிறது. ஆதலால் வலை விரிப்போருக்கு இதைவிட நல்ல இரை அகப்படுவதில்லை. ஸவூதி பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி 2018 அக்டோபர் 2-ஆம் தேதி இஸ்தான்புல்லிலுள்ள ஸவூதி துணைத் தூதரகத்துக்குள் நுழைந்தது விவாகத்துக்கு வேண்டிய சான்றிதழைப் பெறுவதற்காகவே. அவர் உயிரோடு திரும்பவில்லை. அபயம் அளிக்கும் அரசாங்கம் அதனோடு பயணப் பத்திரத்தையும், பிறப்பு, விவாகம் முதலியவற்றுக்கான சான்றிதழ்களையும் தானே அளித்துவிட்டால், ஆயிரம் கண்டனக் கடிதங்களுக்கு முன்னதாகவே ஒரு கதவு அடைபட்டுவிடும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் பயணப் பத்திரம் வழங்கச் சொல்கிறது. ஆனால் அபய விண்ணப்பம் பரிசீலனையிலிருக்கும்போதே கடத்தப்படுவோரும் உண்டு என்பதைப் பின்னால் காண்போம்.

மேற்கு ஜெர்மனிக்கு ஐந்தே ஆண்டுகளுக்குள் இருமுறை இச்சோதனை நேர்ந்தது. அல்ஜீரிய விவகாரத்தில் பிரெஞ்சு ஜனாதிபதி டி காலின் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற கர்னல் ஆர்கூ 1963 பிப்ரவரி 25-ஆம் தேதி மியூனிக் நகரத்திலிருந்து கடத்தப்பட்டுப் பாரிஸில் கட்டுண்டு கிடந்த நிலையில் ‘கண்டுபிடிக்க’ப்பட்டார். பிரான்ஸோடு நட்புடன்படிக்கை கையெழுத்தாகி ஒரு மாதந்தான் ஆகியிருந்தது, அந்நட்பின் இனிமையில் மேற்கு ஜெர்மன் தலைநகரான பான் அரசாங்கம் பல மாதங்கள் மௌனம் சாதித்துவிட்டுப் பிற்பாடு கேட்டது, பாரிஸ் கொடுக்கவில்லை. மூன்றாண்டு நிறைவதற்குள், 1965 அக்டோபர் 29-ஆம் தேதி, மொரோக்கோ எதிர்க்கட்சித் தலைவர் மஹ்தி பென் பர்க்கா பாரிஸ் வீதியில் பிரெஞ்சுப் போலீஸார் இருவராலேயே நிறுத்தப்பட்டு மறைந்துபோனபோது டி கால் கொண்ட கோபம் உண்மையானதுதான். மொரோக்கோவின் உள்நாட்டு மந்திரிக்கு அவர் இல்லாமலே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தூதர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். பென் பர்க்காவின் உடல்கூட இன்றுவரை அகப்படவில்லை. ஆர்கூவைத் தூக்கிவந்த கைகள் சுத்தமாக இருந்திருந்தால் பிரான்ஸின் கோபத்துக்கு இன்னும் கனம் கூடியிருக்குமென்பதில் ஐயமில்லை. 1992-இல் மெக்ஸிக்கோவிலிருந்து கடத்திவரப்பட்ட மருத்துவரை விசாரிக்கத் தடையில்லை என்று தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றமும், 2003-இல் மிலான் நகரத் தெருவிலிருந்து ஓர் எகிப்திய மதகுருவைத் தூக்கிச் சென்ற அமெரிக்க உளவு ஸ்தாபனமும் இதே வகையில் மற்றவர்க்கு முன்மாதிரி காட்டியவர்களே. மாறாக, நிறவெறி ஆட்சியின் அந்திமக் காலத்தில் தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு மன்றம், ஸ்வாஸிலாந்திலிருந்து கடத்திவந்து 20 ஆண்டுச் சிறையிடப்பட்ட ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர் இப்ராஹிம் இஸ்மாயில் இப்ராஹிமின் தண்டனையை 1991-இல் ரத்துச் செய்தது. கடத்தி வரப்பட்டவனை விசாரிக்கும் அதிகாரமே தன் நாட்டு நீதிமன்றத்துக்கு இல்லையென்று அத்தீர்ப்பு கூறிற்று. கடத்திய தேசத்தின் நீதிபதிகளே அவ்வாறு சொல்லிவிட்டால் கடத்தும் தொழிலுக்குப் பயனே அற்றுப்போகிறது.

இரண்டாம் சோதனையில் பான் தேறிவிட்டது. 1967 ஜூனில் தென்கொரிய உளவு ஸ்தாபனம், கிழக்கு பெர்லினிலுள்ள வடகொரியத் தூதரகத்தோடு தொடர்பு கொண்டிருந்தார்களென்ற குற்றச்சாட்டில், மேற்கு ஜெர்மனியில் வாழ்ந்த கொரியர் 17 பேரை ஏமாற்றியும் மிரட்டியும் ஸோலுக்குக் கொண்டுபோயிற்று. அவர்களுள் ஸங்கீதக் கர்த்தா ஈஸாங் யுன்னும் அவர் மனைவியும் இருந்தனர். யுன்னுக்கு ஆயுள் தண்டனை. வேறு சிலருக்கு மரண தண்டனை. பான் அரசாங்கம் தன் பொருளாதார உதவியைச் சுட்டிக்காட்டி நெருக்கியது. ஸ்ட்ராவின்ஸ்கி, காராயன் உட்பட ஏறத்தாழ 200 கலைஞர்கள் கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். யுன்னோ சிறையிலேயே இசைநாடகம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். 1969-இல் அவர் மேற்கு பெர்லினுக்குத் திரும்பினார். மரண தண்டனை பெற்றவர்களும் அடுத்த ஆண்டு முடிவதற்குள் விடுதலையாயினர். அரசாங்கத்தின் நெருக்கமும் கலைஞர்களின் குரலும் ஒன்றுக்கொன்று துணையாக நின்றன. ரகசியப் பேச்சு நடக்கும்போது வெளியார் வாய் திறக்கலாகாது என்ற வாதம் அங்கே பொய்த்தது.

இனி ஜப்பானைப் பார்ப்போம். தென்கொரியாவின் 1971 ஜனாதிபதித் தேர்தலில் பார்க் சுங்-ஹீயை எதிர்த்து 45 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்ற கிம் டே-ஜங், மறு ஆண்டு பார்க் ராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தபோது வெளிநாட்டில் இருந்தார். அங்கிருந்தே எதிர்ப்பைத் தொடர்ந்தார். 1973 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பட்டப்பகலில் டோக்கியோவின் கிராண்ட் பாலஸ் ஹோட்டலில் அவர் கடத்தப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டார். உடலில் பாரத்தைக் கட்டிக் கடலில் எறிய ஆயத்தம் நடந்ததாக அவர் பிற்பாடு கூறினார். அமெரிக்கத் தூதர் ஃபிலிப் ஹபீப் ஸோலில் விரைந்து தலையிட்டதும் அவர் உயிர் பிழைத்ததற்கு ஒரு காரணம். ஐந்து நாட்களுக்குப் பின் அவர் தம் வீட்டருகே விடப்பட்டார். ஆனால் வீட்டுக் காவலுக்குத்தான் விடப்பட்டார். ஹோட்டல் அறையில் கண்ட விரல் ரேகை டோக்கியோவிலுள்ள கொரியத் தூதரகத்தின் முதற் காரியதரிசியுடையதென்று ஜப்பானியப் போலீஸார் நிரூபித்தனர். இதைவிடத் தெளிந்த சாட்சியம் இத்தகைய வழக்குகளில் அபூர்வம். ஜப்பான் கொரியாவுக்குக் கடனும் முதலீடும் அளிக்கும் தேசம். பலமும் அதனிடமே இருந்தது.

அவ்வளவும் இருந்தும் நடந்தது என்ன? இரு நாட்டு மந்திரிகளின் மாநாடு தள்ளிவைக்கப்பட்டது. நவம்பரில் கொரியப் பிரதம மந்திரி கிம் ஜோங்-பில் பார்க்கின் கடிதத்தோடு டோக்கியோவுக்கு வந்து ஜப்பானியப் பிரதம மந்திரி தனாக்காவிடம் வருத்தந் தெரிவித்தார். டிசம்பரில் மாநாடு கூடியது. கிம் டே-ஜங் ஜப்பானுக்குத் திரும்புவதும், விரல் ரேகைக்காரர் விசாரணைக்கு ஒப்படைக்கப்படுவதும் கோரிக்கைப் பட்டியலினின்று மெல்ல நழுவிப்போயின. அரசியல் தீர்வு என்ற பெயரில் ஜப்பான் பெற்றுக்கொண்டது தன் கௌரவத்துக்கான பரிகாரம் மட்டுமே. கிம் 1976-இல் சிறை சென்றார். 1980-இல் ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர் பிழைத்து, 1997 தேர்தலில் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அவருடைய ஆயுள் பலமும் கொரிய மக்களின் போராட்டமும் தந்த பயனே. டோக்கியோவின் ராஜதந்திரத்துக்கு அதில் உரிமையில்லை. கடத்தல் கொரிய உளவு ஸ்தாபனத்தின் வேலையே என்றும், குறைந்தபட்சம் பார்க்கின் மௌன சம்மதம் இருந்தது என்றும் அந்த ஸ்தாபனத்தின் விசாரணைக் குழுவே 2007-இல் அறிவித்தது. ஜப்பானியப் போலீஸார் முதல் மாதத்திலேயே அறிந்ததை உலகம் ஒப்புக்கொள்ள முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

சர்வதேசச் சட்டம் இவ்விஷயத்தில் ஜப்பான் சென்ற பாதையைக் காட்டவில்லை. தீங்கிழைத்த ராஜ்யம் தன் செயலின் விளைவுகளை இயன்றவரை துடைத்து, தீங்குக்கு முன்னிருந்த நிலையை மீட்டுத் தர வேண்டும் என்று 1928-இலேயே நிரந்தர சர்வதேச நீதிமன்றம் கூறிற்று. ராஜ்யப் பொறுப்பு பற்றி ஐக்கிய நாடுகளின் சட்டக் குழு 2001-இல் முடித்த விதிகளும் மீட்டளிப்பையே முதலில் வைத்து, நஷ்டஈட்டையும் வருத்தந் தெரிவித்தலையும் அதன் பின் வைக்கின்றன. உருகுவே ஒற்றர்கள் 1976-இல் போயனஸ் ஐரெஸ் நகரத்தில் ஒரு தொழிற்சங்கத் தலைவரைப் பிடித்துச் சென்ற வழக்கில், தன் மண்ணில் செய்யக்கூடாததைப் பிறர் மண்ணில் செய்ய ஒரு ராஜ்யத்துக்கு உரிமையில்லை என்று 1981-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு தெளிவுபடுத்தியது. சட்டம் இருக்கிறது, கேட்பாரில்லாமல் அது கிடக்கிறது.

கடத்தப்பட்டவன் நல்லவனாக இருந்தால்தான் இவ்வளவும் செய்யவேண்டுமா என்ற வினா எழுவதுண்டு. நைஜீரியாவின் முன்னாள் மந்திரி உமாரு டிக்கோ ஊழல் குற்றஞ் சாட்டப்பட்டவர். 1984 ஜூலை 5-ஆம் தேதி லண்டனில் பிடிக்கப்பட்டு, மயக்க மருந்து செலுத்தப்பட்டு, அம்மருந்தைக் கவனித்துக்கொள்ளும் மருத்துவரோடு மரப்பெட்டிக்குள் வைக்கப்பட்ட அவர், ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் காப்பாற்றப்பட்டார். ராஜதந்திரப் பொதியென்றால் அதன்மேல் வெளிப்படையான அடையாளம் இருக்க வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. பெட்டியில் அது இல்லை. சுங்க அதிகாரி ஒருவர் விதியை அறிந்திருந்ததால் பெட்டி திறக்கப்பட்டது. பிரிட்டன் பின்னர் நைஜீரிய ராஜதந்திரிகள் இருவரை வெளியேற்றியதையும் உறவு இரண்டாண்டு சீர்கெட்டதையும்விட, விதியறிந்த அந்த ஒரு மனிதரே எனக்குப் பெரியவராகத் தோன்றுகிறார். காணாமற்போன ஒரு நாடு கடந்தோனைப் பற்றிய புகார் வந்த மாத்திரத்திலேயே எல்லைச் சாவடிகளுக்கும் விமான நிலையங்களுக்கும் செய்தி பறக்க வேண்டும் என்று நிரந்தரக் கட்டளை இருக்குமானால் எத்தனையோ பேர் ஸுன் யாட்-ஸென்னைப் போலத் தப்பியிருப்பர்.

வியட்நாமின் எண்ணெய்த் துறை உத்தியோகஸ்தராயிருந்த த்ரின் ஸுவான் தான் என்பவரும் ஊழல் குற்றஞ் சாட்டப்பட்டவரே. அபய விண்ணப்பம் பரிசீலனையிலிருந்த நிலையில் 2017 ஜூலை 23-ஆம் தேதி பெர்லினில் அவர் காரில் இழுத்துப் போடப்பட்டு, ஸ்லோவாக்கியா வழியாக ஹனோய்க்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஜெர்மனி உளவு அதிகாரியை வெளியேற்றியது, கூட்டுறவு ஏற்பாட்டை நிறுத்திவைத்தது, திருப்பி அனுப்பும்படி கேட்டது. உடந்தையாயிருந்த இருவரைப் பெர்லின் நீதிமன்றம் 2018-லும் 2023-லும் தண்டித்தது. இவை யாவும் பாராட்டத்தக்கவை. ஆயினும் ஐரோப்பிய யூனியனுக்கும் வியட்நாமுக்குமான வர்த்தக ஒப்பந்தம் 2019 ஜூன் 30-இல் ஹனோயில் கையெழுத்தாகும்போது அவர் ஆயுள் தண்டனைக் கைதி. அவரைத் திருப்பி அனுப்புவது, நிறைவேறும் வரையில் விலக்கப்படாத நிபந்தனையாக அவ்வொப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் என்னவாயிருக்கும் என்ற கேள்வியை எழுப்பாமலிருக்க முடியவில்லை. குற்றவாளியாயிருந்தாலும் அவரைக் கேட்டுப் பெறச் சட்டரீதியான வழி உண்டு. அவ்வழியை விட்டவன் விசாரணையில் நியாயம் வழங்குவான் என நம்புவதற்கு ஆதாரமில்லை.

அடக்கமான ராஜதந்திரமே மேல் என்போரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பகிரங்கமாகக் கூச்சலிட்டால் கைதியின் நிலைமை மோசமாகலாம் என்ற பயம் போலியானதன்று. ஆனால் ஹாங்காங் புத்தக வெளியீட்டாளரான ஸ்வீடன் பிரஜை குய் மின்ஹாய் 2015 அக்டோபரில் தாய்லாந்தின் பட்டாயாவிலிருந்து மறைந்து சீனக் காவலில் தோன்றிய பிறகு, ஸ்டாக்ஹோம் நெடுங்காலம் அடக்கத்தையே நம்பியது. 2018 ஜனவரியில் ஸ்வீடன் ராஜதந்திரிகள் உடனிருக்கும்போதே ரயிலிலிருந்து அவர் மீண்டும் பிடிக்கப்பட்டார்; 2020-இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை. மௌனம் பேரத்துக்கு உதவுவது அதைக் கலைக்கும் எண்ணம் ஒருவனிடம் உண்டென்று மற்றவன் அஞ்சும்போதுதான். காலக்கெடு இல்லாத மௌனத்தைக் கடத்தியவன் சம்மதமாகவே கொள்கிறான்.

அபயமளித்த அரசாங்கமே உடந்தையாகும் நிலைமை இதனினும் இழிந்தது. 2018 மார்ச்சில் கோஸோவோ துருக்கியர் அறுவரைப் பிடித்து அங்காராவிடம் கொடுத்தபோது, தமக்குத் தெரியாமல் நடந்ததென்று கூறிப் பிரதம மந்திரி உள்துறை மந்திரியையும் உளவுத் தலைவரையும் நீக்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஏழு துருக்கியரை அனுப்பிவைத்த மால்டோவாவை, அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019-இல் குற்றவாளியாகக் கண்டது. விசாரணையின்றி ஒருவரை ஒப்படைக்கும் அதிகாரிக்குப் பதவி போகும், அரசாங்கத்துக்கு நஷ்டஈடு விழும் என்ற இரண்டும் தெரிந்திருந்தால் உளவுத் துறைகளின் தோழமை சற்றே அடங்கும்.

குய் மின்ஹாய் மறைந்த தாய்லாந்து 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் சேராத தேசம். இந்தியாவும் அதில் சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. இருந்தும் திபெத்தியரும் பர்மியரும் ஆப்கானியரும் இலங்கைத் தமிழரும் இம்மண்ணை நம்பி வாழ்கின்றனர். சக்மா மக்களின் வழக்கில் 1996-இல் நம் உச்ச நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்க்காப்பு பிரஜையல்லாதாருக்கும் உரியது, அதைக் காப்பது ராஜ்யத்தின் கடமை என்று தீர்ப்பளித்திருக்கிறது; திபெத்தியருக்கு அடையாளச் சான்றிதழ் என்ற பயணப் பத்திரத்தை நம் அரசாங்கம் நெடுங்காலமாக வழங்கியும் வருகிறது. அப்பத்திரத்தை ஏனைய நாடு கடந்தோருக்கும் விரிப்பதற்குப் புதிய ஒப்பந்தம் எதிலும் கையொப்பமிடத் தேவையில்லை. அந்நிய அரசாங்கத்துக்காக இங்கே ஆட்கடத்துவதை ஸ்விஸ் சட்டம்போலத் தனிக் குற்றமாக்கவும், விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் நிரந்தரக் கட்டளை அனுப்பவும் நமது பார்லிமெண்டும் உள்துறையும் மனம் வைத்தால் போதும்.